கல்லூரி ஃபுட்பாலின் நடுவர், ரீப்ளே சேவை: எதை நம்பலாம், எங்கே கைவிடும்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் (நம் கால்பந்து அல்ல; பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுவது) களத்து நடுவர்களும், அவர்கள் தீர்ப்பைத் திருத்தும் ரீப்ளே ஏற்பாடும் சேர்ந்து ஒரே சேவை. டிக்கெட் வாங்குபவரும் டிவி சந்தா கட்டுபவரும் கொடுக்கும் பணத்தில் அதற்கும் பங்கு உண்டு. பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கின் கை எப்படி, பயிற்சியாளரின் திட்டம் எப்படி என்று வாரம் முழுக்க அலசுகிறோம். இந்தச் சேவை எப்படி வேலை செய்கிறது, எந்த இடத்தில் பழுதாகிறது என்பதை மட்டும் ஆட்டம் கெட்டுப்போன இரவில்தான் பேசுகிறோம். பல்கலைக்கழக அணிகளின் கூட்டமைப்புகளில் (கான்ஃபரன்ஸ்) ஒன்றான சவுத்ஈஸ்டர்ன் கான்ஃபரன்ஸ், சுருக்கமாக எஸ்.இ.சி., நடத்தும் சேவையைத்தான் இங்கே முக்கியமாக மதிப்பிடுகிறோம். கூட்டமும் பணமும் கோபமும் அங்கேதான் அதிகம்.

அதைச் சோதித்துப் பார்க்க 2024 அக்டோபர் 19-ஐ விடப் பொருத்தமான நாள் இல்லை. ஆஸ்டின் நகரில் டேரல் கே ராயல் மைதானம். தரவரிசையில் முதலிடத்தில் இருந்த டெக்சஸும் 5-ம் இடத்தில் இருந்த ஜார்ஜியாவும் மோதின. இடைவேளையில் ஜார்ஜியா 23-0 என்று முன்னிலை. மூன்றாம் குவார்ட்டரில் டெக்சஸ் ஒருவழியாக 23-8 வரை எழுந்து வந்த நேரம், ஜார்ஜியாவின் கார்சன் பெக் எறிந்த பந்தை டெக்சஸ் வீரர் ஜாடே பேரன் பறித்துக்கொண்டு ஜார்ஜியாவின் கோல் கோட்டை நெருங்கும்வரை ஓடினார். மைதானமே எழுந்து நின்றது. அப்போதுதான் தரையில் கிடந்த மஞ்சள் ஃபிளாக், குற்றத்தைக் குறிக்க நடுவர் எறியும் துணி, கண்ணில் பட்டது. பேரன் மீது பாஸ் இன்டர்ஃபியரன்ஸ், அதாவது பந்தைப் பிடிக்க வருபவரை விதிமீறித் தடுத்த குற்றம். பந்தைப் பறித்த இன்டர்செப்ஷன் செல்லாது, பந்து மறுபடி ஜார்ஜியாவுக்கு என்று தலைமை நடுவரான ரெஃப்ரி அறிவித்தார்.

மாணவர்கள் உட்கார்ந்திருந்த மூலையிலிருந்து பாட்டில்கள் பறந்து வந்தன. ஆட்டம் நின்றது. டெக்சஸ் பயிற்சியாளர் ஸ்டீவ் சார்கிசியன் அந்த மூலைக்கே நடந்துபோய், எறியாதீர்கள் என்று கையெடுத்துக் கேட்டார். ஊழியர்கள் குப்பையைப் பொறுக்கினார்கள். அந்த இடைவெளியில் நடுவர்கள் கூடிப் பேசினார்கள். பேசி முடித்ததும் ஃபிளாக் திரும்பப் பெறப்பட்டது. இன்டர்செப்ஷன் செல்லும், பந்து டெக்சஸுக்கு. சிறிது நேரத்தில் டெக்சஸ் பந்தைக் கோல் கோட்டுக்கு அப்பால் சேர்த்து டச்டவுன் அடித்தது, 23-15. பிறகு ஜார்ஜியா நிதானமாக நகர்ந்து இன்னொரு டச்டவுன் போட்டு 30-15 என வென்றது. ஆட்டத்தின் முடிவை அந்தத் தீர்ப்பு மாற்றவில்லை; அதற்காகச் சர்ச்சை அடங்கிவிடவும் இல்லை.

கடைசியாக வந்த தீர்ப்பு சரியானது. வீடியோவில் பேரன் செய்த குற்றம் எதுவும் தெரியவில்லை. தீர்ப்பு சரியாக இருந்தும் ஜார்ஜியா பயிற்சியாளர் கர்பி ஸ்மார்ட் ஏன் கொதித்தார்? பொருள்களை எறிந்தால் தீர்ப்பு மாறும் என்று ஒரு முன்னுதாரணம் ஏற்பட்டுவிட்டது என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருக்கிறது. இந்தச் சேவையின் மிகப் பெரிய குறையும் அதுதான்: சரியான இடத்துக்கு வந்து சேர்ந்தாலும், வந்த வழியைக் காட்டத் தெரியவில்லை.

ஃபிளாக் விழுந்த பிறகு என்ன நடக்க வேண்டும்

களத்தில் எட்டு பேர். ரெஃப்ரி, அம்பயர், சென்டர் ஜட்ஜ், இரு பக்கமும் லைன் ஜட்ஜுகள், பின்னால் ஃபீல்டு ஜட்ஜ், சைடு ஜட்ஜ், பேக் ஜட்ஜ். வெள்ளைத் தொப்பி போட்டவர் ரெஃப்ரி. ஆழமான பாஸில் நடக்கும் மோதலை அவர் பெரும்பாலும் பார்த்திருக்கவே மாட்டார். அவர் கண் குவார்ட்டர்பேக் மீது இருக்கும். எனவே ஃபிளாக் போட்டவர் ஓடிவந்து, யார், எந்த எண், எந்த இடம், பந்து காற்றில் இருக்கும்போதா அதற்கு முன்பா என்று சொல்ல வேண்டும். அதே மோதலை வேறு கோணத்தில் பார்த்தவர் ஒருவராவது அருகில் இருப்பார். அவருக்கு மாற்றுக் கருத்து இருந்தால் அந்த நொடியே சொல்ல வேண்டும். இதெல்லாம் முடிந்த பிறகுதான் ரெஃப்ரி மைக்கைத் திறக்க வேண்டும்.

ஆஸ்டினில் இந்த வரிசை தலைகீழானது. அறிவிப்பு முதலில் வந்தது, ஆலோசனை பின்னால் நடந்தது, நடுவில் பாட்டில் மழை. மறுநாள் எஸ்.இ.சி. வெளியிட்ட அறிக்கை, ஃபிளாக் போட்ட நடுவர் தான் தவறிவிட்டதாகச் சக நடுவர்களிடம் சொன்னார் என்றும், நடுவர்கள் கூடிப் பேசுவதற்கு விதியில் இடம் உண்டு என்றும் விளக்கியது. விளக்கம் உண்மைதான். ஆனால் ஒரு லட்சம் பேர் கண்ணால் பார்த்த வரிசையை மறுநாள் காகிதத்தால் மாற்ற முடியாது.

பலர் தவறாக நினைப்பது ஒன்று உண்டு. அன்று ரீப்ளே அறை தலையிட்டு மாற்றியது என்றே நிறையப் பேர் இன்றும் சொல்கிறார்கள். கல்லூரி விதியில் பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் குற்றமா இல்லையா என்பதை ரீப்ளே தொடவே முடியாது. எதிராளியைக் கையால் பிடித்து நிறுத்தும் ஹோல்டிங்கும் அப்படியே. நடுவரின் மனக் கணிப்பில் நிற்கும் தீர்ப்புகள் பெரும்பாலும் வெளியே. கோடு, தரை, பந்து, எண்ணிக்கை, கடிகாரம் என்று அளந்து பார்க்கக்கூடியவை உள்ளே. கிரிக்கெட் பார்ப்பவர்களுக்குச் சுலபமாகப் புரியும்: ரன் அவுட்டுக்கு மூன்றாவது அம்பயர் உண்டு, பேட்ஸ்மேனை பவுலர் வேண்டுமென்றே மறித்தாரா என்பதற்கு டி.ஆர்.எஸ். கேட்க முடியாது அல்லவா, அதுபோல.

இந்த வேலியைப் பிடுங்கிவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் தொழில்முறை லீகான என்.எஃப்.எல். அனுபவத்தைப் பார்க்க வேண்டும். 2019 ஜனவரியில் நியூ ஆர்லியன்ஸில் நடந்த சாம்பியன்ஷிப் ஆட்டத்தில் கண்ணெதிரே நடந்த பாஸ் இன்டர்ஃபியரன்ஸுக்கு ஃபிளாக் விழவில்லை. எழுந்த கூச்சலில் அந்த ஆண்டே பாஸ் இன்டர்ஃபியரன்ஸையும் ரீப்ளேக்குள் கொண்டுவந்தார்கள். ஒரே சீசன், எது மாற்றப்படும், எது மாற்றப்படாது என்று பயிற்சியாளர்களுக்கே பிடிபடவில்லை, கைவிட்டார்கள். ஸ்லோ மோஷனில் பார்த்தால் எல்லாக் கையும் பிடிப்பதுபோலத்தான் தெரியும். கல்லூரி விதி இந்த ஒரு விஷயத்தில் பிடிவாதமாக இருப்பது சரி.

ரீப்ளே அறை எப்படி இயங்குகிறது

2004-ல் பிக் டென் கான்ஃபரன்ஸ் ரீப்ளேயைச் சோதனையாகத் தொடங்கியது. 2006-ல் நாடு முழுவதற்கும் ஒரே விதி வந்தது. 2016-ல் எஸ்.இ.சி. தன் தலைமையகம் இருக்கும் பர்மிங்ஹாம் நகரில் மைய அறை ஒன்றை அமைத்தது. இப்போது மைதானத்து ரீப்ளே அதிகாரி தனியாக முடிவெடுப்பதில்லை. பர்மிங்ஹாமில் திரைகளுக்கு முன் உட்கார்ந்திருப்பவர்களும் அதே காட்சியைப் பார்த்து அவரோடு பேசுகிறார்கள்.

ஒவ்வொரு பிளேயும், அதாவது பந்து ஒரு முறை ஆட்டத்துக்கு வந்து நிற்கும் சுற்றும், முடிந்ததும் ரீப்ளே அதிகாரி அதைத் திரும்பப் பார்க்கிறார். பயிற்சியாளர் கேட்டால்தான் பார்ப்பார் என்பதில்லை. கல்லூரி ஆட்டத்தின் பெரிய பலமே இதுதான். சந்தேகம் வந்தால் பொத்தானை அழுத்துவார், களத்து நடுவர்களின் இடுப்பில் இருக்கும் பேஜர் அதிரும், ஆட்டம் நிற்கும். பந்தைப் பின்னால் கொடுத்து அடுத்த பிளேயைத் தொடங்கும் ஸ்னாப்புக்கு முன் இது நடந்தாக வேண்டும். ஸ்னாப் ஆகிவிட்டால் பழைய பிளே போனது போனதுதான். அதனால்தான் சந்தேகமான ஒரு கேட்சுக்குப் பிறகு பந்து வைத்திருக்கும் அணி ஓடோடி வரிசையில் நிற்கிறது. எதிரணிப் பயிற்சியாளர் அந்த நேரத்தில் டைம் அவுட் எடுத்தால் அது பெரும்பாலும் அறைக்கு நேரம் வாங்கிக் கொடுக்கத்தான்.

தீர்ப்பை ஆய்வு செய்யச் சொல்லிக் கேட்கப் பயிற்சியாளருக்கு ஒரு சேலஞ்ச் உண்டு. கையில் டைம் அவுட் மிச்சம் இருக்க வேண்டும். தோற்றால் டைம் அவுட் போய்விடும். ஜெயித்தால் அது திரும்பக் கிடைப்பதோடு இன்னொரு சேலஞ்சும் கிடைக்கும். ஆட்டம் முழுவதற்கும் இரண்டுதான் உச்சவரம்பு. எல்லா பிளேயையும் அறை பார்த்துக்கொண்டிருப்பதால், பேஜர் அதிராத ஒன்றுக்கு சேலஞ்ச் எடுப்பது பெரும்பாலும் காசைக் கடலில் போடுவதுபோல. அறை பார்த்துவிட்டு வேண்டாம் என்று விட்டதைத்தான் பயிற்சியாளர் கேட்கிறார் என்று பொருள்.

தீர்ப்பை மாற்ற வேண்டுமானால் மறுக்க முடியாத வீடியோ ஆதாரம் வேண்டும். ‘அப்படித்தான் இருக்கும்போல’ என்பது போதாது. களத்தில் முதலில் என்ன சொன்னார்களோ அதற்கே எடை அதிகம். இந்த ஒரு வரியை மனதில் வைத்துக்கொண்டால் பாதிச் சண்டை குறையும். முன்பெல்லாம் தீர்ப்பு உறுதியானது என்றும், ஆதாரம் போதாததால் அப்படியே நிற்கிறது என்றும் ரெஃப்ரி இரண்டு விதமாக அறிவிப்பார். 2025 முதல் ஏற்கப்பட்டது, மாற்றப்பட்டது என்று இரண்டே அறிவிப்பு. சுருக்கம்தான், ஆனால் இது பின்னடைவு. அறைக்குத் தெளிவாகத் தெரிந்ததா, கோணம் கிடைக்காமல் கைவிட்டார்களா என்பதை ரசிகர் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியும் அடைபட்டது.

நன்றாகச் செய்வது

கேட்ச் ஆனதா, பந்து தரையைத் தொட்டதா, கால் கோட்டுக்குள் இருந்ததா, முழங்கால் படுவதற்கு முன் பந்து நழுவியதா: இவற்றில் இந்தச் சேவை நம்பகமானது. கோல் கோட்டு மூலையில் நிற்கும் பைலன் என்ற குட்டித் தூணுக்குள் கேமரா வந்தபின் டச்டவுன் தீர்ப்புகள் நிறையவே மேம்பட்டிருக்கின்றன. தலையைக் குறிவைத்து மோதும் டார்கெட்டிங் குற்றத்துக்கு 2013-லிருந்து ஆட்டத்தை விட்டு வெளியேற்றம் தண்டனை. 2019-ல் விதியை மாற்றி, ரீப்ளேயில் ஒவ்வொரு அம்சமும் உறுதியானால் மட்டுமே அந்தக் குற்றம் நிற்கும் என்றார்கள். ஓர் இளைஞனை ஆட்டத்தை விட்டே அனுப்பும் தீர்ப்புக்கு அவ்வளவு கவனம் தேவைதான். இங்கே 5-க்கு 4 கொடுக்கலாம்.

பந்தை எந்த யார்டில் வைப்பது என்ற கேள்வி வந்தால் மதிப்பெண் சரிகிறது. 2021 அக்டோபர் 16, நாக்ஸ்வில் நகரின் நேலண்ட் மைதானம் இதற்கு நல்ல சான்று. டெனசி, ஓல் மிஸ்ஸிடம் 31-26 எனப் பின்தங்கியிருந்தது. நான்காம் டவுன், அதாவது முன்னேறக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் கடைசி; 24 யார்டு தேவை. ஜேக்கப் வாரன் பந்தைப் பிடித்து முன்னோக்கி விழுந்தார். கோட்டுக்குச் சற்று முன்பே நின்றதாகக் களத்தில் தீர்ப்பு, ரீப்ளேயும் மாற்றவில்லை. கடிகாரத்தில் மீதி 54 நொடி. பாட்டில், கடுகு சாஸ் புட்டி, கோல்ஃப் பந்து வரை களத்துக்கு வந்தன. அந்தக் கோல்ஃப் பந்து, ஒரு காலத்தில் டெனசிக்கே பயிற்சியாளராக இருந்து விட்டுப்போன, அன்று ஓல் மிஸ் பயிற்சியாளராக நின்ற லேன் கிஃபின் மேல் பட்டது. டெனசியின் சியர்லீடர்களும் பேண்டும் பாதுகாப்புக்காக வெளியேறினார்கள். ஏறக்குறைய 20 நிமிடம் ஆட்டம் நின்றது.

அந்த ஸ்பாட்டை, பந்து நின்றதாகக் குறித்த இடத்தை, ஏன் மாற்ற முடியவில்லை? மூன்று விஷயங்கள் ஒரே ஃபிரேமில் தெரிய வேண்டும்: பந்தின் முனை, தரையில் பட்ட முழங்கால், அந்த யார்டுக் கோடு. குவியலில் பந்து உடம்புக்கு அடியில் மறைந்திருக்கும். முழங்கால் தெரியும் கேமராவில் பந்து தெரியாது. கேமரா கோட்டுக்கு நேராக இல்லாமல் தள்ளி இருந்தாலே, பார்வைச் சாய்வால் பந்து சற்று முன்னாலோ பின்னாலோ இருப்பதாகக் காட்டும். வீட்டில் டிவியில் மஞ்சள் கோட்டைப் பார்த்து ‘தாண்டிவிட்டதே’ என்று கத்துகிறோம். அந்த மஞ்சள் கோடு ஒளிபரப்பாளர் கணினியில் வரைந்தது. நடுவருக்கு அது இல்லவே இல்லை. அவருக்குப் பக்கக் கோட்டில் தூரம் அளக்கும் சங்கிலிதான் கணக்கு. ஆகவே ஸ்பாட் தகராறில் ரீப்ளே உதவும் என்று எதிர்பார்த்துக் காத்திருப்பது வீண். இங்கே 5-க்கு 2.

இன்னொரு பலவீனம், அறைக்குக் கிடைக்கும் காட்சிகள் எல்லாம் ஒளிபரப்பு கேமராக்களிலிருந்து வருவதுதான். இரவு நேரப் பெரிய ஆட்டத்துக்குக் கேமராக்கள் சூழ நிற்கும். மதிய நேரத்துச் சின்ன ஆட்டத்துக்கு அதில் பாதிகூட இருக்காது. ஒரே விதி, ஒரே பர்மிங்ஹாம் அறை, ஆனால் கிடைக்கும் கண்கள் வேறு வேறு. சீசன் முடிவில் இரண்டு ஆட்டத்துக்கும் ஒரே மதிப்புத்தான். பணம் கொட்டும் கான்ஃபரன்ஸ்கள் கோல் கோட்டிலும் பக்கக் கோட்டிலுமாவது எல்லா ஆட்டத்துக்கும் நிலையான கேமராக்களைத் தாங்களே பொருத்தலாம்.

விதியே தெரியாமல் போகும் இடம்

கோணம் கிடைக்காதது மன்னிக்கக்கூடியது. விதியைத் தவறாகச் செயல்படுத்துவது அப்படி அல்ல. 1990 அக்டோபர் 6 அன்று மிசௌரியின் மைதானத்தில் கொலராடோவுக்கு நான்குக்குப் பதில் ஐந்து டவுன் கிடைத்தது. ஐந்தாவதில் டச்டவுன், 33-31 வெற்றி, அந்த ஆண்டின் தேசியப் பட்டத்தில் பங்கு. நடுவர் குழு சஸ்பெண்ட் ஆனது, முடிவு மாறவில்லை. 1940-ல் இதே தவறு கார்னெல்லுக்குச் சாதகமாக நடந்தபோது, படச்சுருளைப் பார்த்துவிட்டு அவர்களே டார்ட்மத்துக்கு வெற்றியை விட்டுக்கொடுத்தார்கள். விதி அப்படிச் செய்யச் சொல்லவில்லை, அவர்களாகச் செய்தது.

அப்போது ரீப்ளே இல்லை என்று சமாதானம் சொல்லலாம். 2016 செப்டம்பர் 10-க்கு அந்தச் சமாதானம் பொருந்தாது. ஓக்லஹோமா ஸ்டேட் 27-24 என முன்னிலை. நான்காம் டவுனில் நேரத்தைக் கரைக்கப் பந்தை வெளியே எறிந்தார்கள், கடிகாரம் பூஜ்யம், வேண்டுமென்றே எறிந்ததற்கு ஃபிளாக். அந்தக் குற்றத்துக்கு டவுன் இழப்பும் தண்டனையில் அடக்கம் என்பதால் கூடுதல் பிளே கிடையாது, ஆட்டம் முடிந்திருக்க வேண்டும். நடுவர்கள் எதிரணியான சென்ட்ரல் மிச்சிகனுக்கு நேரமில்லாத ஒரு பிளே கொடுத்தார்கள். நீண்ட பாஸ், பிடித்தவர் பக்கத்தில் இருந்தவருக்குத் தூக்கிப் போட, டச்டவுன், 30-27. கடிகாரம் தொடர்பான அப்பட்டமான தவறில் தலையிட ரீப்ளே அறைக்கு அதிகாரம் இருந்தது, தலையிடவில்லை. களத்துக் குழுவும் ரீப்ளே குழுவும் சஸ்பெண்ட் செய்யப்பட்டன. முடிவு அப்படியே நின்றது.

2015 அக்டோபர் 31-ல் டியூக்கிற்கு எதிராக மயாமி எட்டு முறை பந்தைக் கை மாற்றி கடைசி கிக்கைத் திருப்பி 30-27 என வென்றதும் இதே வகை. ஒன்பது நிமிடம்போல ஆய்வு நடந்தது. பந்தை வைத்திருந்த மயாமி வீரரின் முழங்கால் ஏற்கெனவே தரையில் பட்டுவிட்டதை அவ்வளவு நேரத்திலும் பிடிக்கவில்லை. நீளமான ஆய்வு நல்ல ஆய்வு என்று யாரும் நம்ப வேண்டாம். சீராக ஓடும் அறை ஒரு நிமிடத்தை ஒட்டியே முடிவுக்கு வந்துவிடும். மூன்று நிமிடம் தாண்டினால் ஆதாரத்தைத் தேடுவதை விட்டுவிட்டுத் தங்களைத் தாங்களே சமாதானம் செய்துகொள்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளலாம்.

எஸ்.இ.சி.யின் இன்னொரு குறை 2025 செப்டம்பர் 20-ல் வெளிப்பட்டது. ஓக்லஹோமா வீரர் ஒருவர் ஆட்டத்திலிருந்து மாற்றப்பட்டு வெளியேறுவதுபோல பக்கக் கோட்டை நோக்கி நடந்தார். ஆபர்ன் அணியினர் அவரை விட்டுவிட்டார்கள். ஸ்னாப் ஆனதும் ஓடிப்போய் டச்டவுன் பாஸ் பிடித்தார். ஆள் மாற்றம்போல நடித்து ஏமாற்றுவதை விதி தடை செய்கிறது. ஃபிளாக் விழவில்லை. ஆபர்ன் 24-17 எனத் தோற்றது. விழுந்திருக்க வேண்டும் என்று எஸ்.இ.சி. பிறகு ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது நல்ல பழக்கம். ஆனால் ஸ்கோர் பலகை அறிக்கையைப் படிப்பதில்லை. தோல்வி தோல்வியாகவே பதிவாகிறது.

கூட்டத்தைக் கையாளும் பகுதி

பாட்டில் எறிவதை எந்தத் தவறான தீர்ப்பும் நியாயப்படுத்தாது. அரை லிட்டர் தண்ணீர் பாட்டில் அரைக் கிலோ எடை. மேல் அடுக்கிலிருந்து வந்து விழுந்தால் ஹெல்மெட் போட்ட ஆட்டக்காரருக்கு ஒன்றும் ஆகாமல் போகலாம். பக்கக் கோட்டில் வெறுந்தலையுடன் நிற்கும் சியர்லீடருக்கும், கேபிள் இழுக்கும் பையனுக்கும், பேண்டில் குழல் ஊதும் மாணவிக்கும் அது கல்தான். மூடியோடு நிரம்பிய பாட்டில் நேராகப் பறக்கும்; மூடி இல்லாதது காற்றிலேயே தண்ணீரைக் கொட்டிவிட்டு எடை இழக்கும். மூடியைக் கழற்றிக் கொடுப்பது அற்பச் செலவில் முடிகிற பாதுகாப்பு. எஸ்.இ.சி. 2019-ல் மைதானம் முழுக்க பீர், ஒயின் விற்க அனுமதித்தபோது கப்பில் ஊற்றித்தான் கொடுக்க வேண்டும், மூன்றாம் குவார்ட்டர் முடிவில் விற்பனை நிற்க வேண்டும் என்று விதித்தது. அதே கவனம் தண்ணீர் பாட்டிலுக்கும் தேவை.

ஆட்டம் கலைந்தால் ரெஃப்ரி செய்ய வேண்டியது விதிப்புத்தகத்தில் தெளிவாக இருக்கிறது: ஆட்டத்தை நிறுத்தி, வீரர்களை அணிப் பகுதிக்கு அனுப்பி, பிரச்சினையை மைதான நிர்வாகத்திடம் ஒப்படைத்து, நிலைமை சரியானது என்று திருப்தி வந்ததும் தொடங்குவது. இதில் தீர்ப்பைப் பற்றிப் பேசும் கட்டம் எதுவும் இல்லை. ஆஸ்டின் குழு செய்த பிழை இங்கேதான். குப்பை பொறுக்கும் நேரத்தில் கூடிப் பேசியதால் இரண்டு வேலைகளும் ஒன்றாகத் தெரிந்தன. அறிவிப்புக்கு முன் 30 நொடி எடுத்துக்கொண்டு பேசியிருந்தால் ஒரு பாட்டிலும் பறந்திருக்காது.

தண்டனையில் எஸ்.இ.சி. கறாராக இருக்கிறது. 2021-ல் டெனசிக்கு 2,50,000 டாலர். 2024-ல் டெக்சஸுக்கும் அதே 2,50,000. வீடியோவைப் பார்த்து எறிந்தவர்களை அடையாளம் கண்டு, அந்தக் கல்வியாண்டு முடியும்வரை விளையாட்டு அரங்குகளுக்குள் விடக் கூடாது என்றும் டெக்சஸுக்கு உத்தரவு. பணத் தொகை பெரிய பல்கலைக்கழகத்துக்குக் கைச்செலவு. ஆள் தேடும் உத்தரவுதான் உறைக்கும். அடுத்த சனிக்கிழமை தன் இருக்கை இருக்காது என்ற பயம்தான் எறியும் கையைப் பிடிக்கும்.

பிக் 12 கான்ஃபரன்ஸ் வேறு வழியில் போனது. டெக்சஸ் டெக் ரசிகர்கள் கிக் ஆஃபின்போது டார்ட்டியா, அதாவது நம் சப்பாத்திபோல இருக்கும் ரொட்டியை, களத்துக்குள் எறிவது நெடுநாள் வழக்கம். 2025-ல் தடை வந்தது; மீறினால் எச்சரிக்கை, பிறகு சொந்த அணிக்கே 15 யார்டு பெனால்டி. அந்த அக்டோபரில் கான்சஸுக்கு எதிரான ஆட்டத்தில் இரண்டு முறை அந்த 15 யார்டு விழுந்தது. எறியச் சொல்லி ரசிகர்களை உற்சாகப்படுத்தியிருந்த பயிற்சியாளரே பிறகு நிறுத்தச் சொன்னார். அபராதம் அலுவலகக் கணக்கில் கழிகிறது, யார்டு கண்ணெதிரே போகிறது. எஸ்.இ.சி. இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்.

கடைசிக் கட்டம் வரை போனால் என்னவாகும் என்பது நம் ஊர் ரசிகர்களுக்குத் தெரியும். 1996 உலகக் கோப்பை அரையிறுதியில் ஈடன் கார்டன்ஸ் கூட்டம் பாட்டில் எறிந்து தீ வைத்தபோது, இந்தியா 8 விக்கெட்டுக்கு 120 என்ற நிலையில் ஆட்டம் இலங்கைக்குக் கொடுக்கப்பட்டது. 1999-ல் அதே மைதானத்தில் டெண்டுல்கர் ரன் அவுட் சர்ச்சைக்குப் பிறகு, கூட்டத்தை வெளியேற்றிவிட்டு வெற்று இருக்கைகளுக்கு முன் டெஸ்ட் முடிந்தது. கல்லூரி ஃபுட்பாலில் அந்த அளவுக்குப் போகாவிட்டாலும், மாணவர் பகுதியை மட்டும் காலி செய்துவிட்டு ஆட்டத்தைத் தொடர்வது என்ற நடுவழியாவது எழுத்தில் இருக்க வேண்டும்.

உடனே செய்யக்கூடியது

கிரிக்கெட்டில் மூன்றாவது அம்பயர் பேசுவது நமக்கு வரிவரியாகக் கேட்கிறது. முன் காலைக் காட்டு, அல்ட்ரா எட்ஜ் போடு, பந்து தடத்தைக் காட்டு, முடிவை மாற்று. தீர்ப்பு பிடிக்காவிட்டாலும் எப்படி வந்தார்கள் என்பது தெரிகிறது. 2025-ல் அட்லாண்டிக் கோஸ்ட் கான்ஃபரன்ஸ் (ஏ.சி.சி.) தேர்ந்தெடுத்த சில ஒளிபரப்புகளில் ரீப்ளே உரையாடலை நேரலையில் கேட்கவிட்டது. கல்லூரி ஆட்டத்தில் இதுதான் முதல்முறை. எஸ்.இ.சி.யிடம் மைய அறை இருக்கிறது, ஒலித் தடம் இருக்கிறது, ஒளிபரப்பு ஒப்பந்தம் இருக்கிறது. திறந்துவிட வேண்டியது மட்டும்தான் பாக்கி. களத்து நடுவர்கள் கூடிப் பேசி ஃபிளாக்கைத் திரும்பப் பெறும்போதும், யார் எதைப் பார்த்தார், ஏன் மாற்றினோம் என்று ரெஃப்ரி இரண்டு வாக்கியம் மைக்கில் சொல்லட்டும். ‘பந்து வரும்போது மோதலைத் தொடங்கியவர் ரிசீவர் என்பதை இன்னொரு நடுவர் பார்த்தார், ஆகவே குற்றம் இல்லை’ என்பதைச் சொல்லப் பத்து நொடி போதும்.

அதுவரை பார்ப்பவர்களுக்குச் சில அடையாளங்கள். ரெஃப்ரி பக்கக் கோட்டுக்குப் போய் ஹெட்செட் மாட்டினால் ரீப்ளே. ஹெட்செட் இல்லாமல் நடுவர்கள் வட்டமாக நின்றால் அது அவர்களுக்குள் ஆலோசனை, வீடியோவுக்கு அதில் வேலை இல்லை. களத்தில் முதலில் சொன்ன தீர்ப்பு என்ன என்பதைக் கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். ஆதாரம் தெளிவாக இல்லாவிட்டால் அதுவே நிற்கும். பாஸ் இன்டர்ஃபியரன்ஸ் தண்டனை கல்லூரியில் அதிகபட்சம் 15 யார்டும் முதல் டவுனும்தான், என்.எஃப்.எல். போலக் குற்றம் நடந்த இடம்வரை போகாது. ஆகவே நீண்ட பாஸில் தோற்கும் நிலையில் இருக்கும் தடுப்பாட்டக்காரர் வேண்டுமென்றே பிடித்து இழுப்பதும் உண்டு. அதைக் குற்றமில்லை என்று வாதாடிப் பயனில்லை.

மைதானத்தில் நேரில் பார்ப்பவர்கள், மூலை இருக்கையிலிருந்து யார்டு ஸ்பாட்டை மட்டும் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். அந்தக் கோணத்தில் எல்லா அணியும் ஒரு யார்டு கூடப் போனதுபோலவே தெரியும். பெரிய திரையில் சர்ச்சைக் காட்சியை எல்லா மைதானமும் உடனே போடுவதில்லை. ஃபோனில் ஒளிபரப்பைத் திறந்தால் சில நொடிகள் பின்தங்கித்தான் வரும், ஆனால் ஆய்வு நடக்கும் நேரத்துக்கு அது தாராளம். காதில் ஒரு பக்கம் மட்டும் இயர்ஃபோன் மாட்டிக்கொண்டால் ரெஃப்ரியின் அறிவிப்பும் தப்பாது, ஒளிபரப்பில் பேசும் விதி நிபுணரின் விளக்கமும் கிடைக்கும்.